காலையில் சரியும் கோடு

மதியழகன் இறந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. அவர் மனைவி அறிவுச்செல்வி இன்னும் அழவில்லை. அதைப் பற்றி இளம்பிள்ளை ஊரில் அவளைத் தவிர மற்ற எல்லோருக்கும் கவலை. கருமாதிக்கு வந்த பெண்கள் அவளைத் தோளைப் பிடித்து உலுக்கிக்கூடப் பார்த்தார்கள். "அழுதுரு சாமி, உள்ளயே வெச்சுக்காத" என்று ஒருத்தி மூக்கைச் சிந்திக்கொண்டே கெஞ்சினாள். செல்விக்கு அந்த அம்மாளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அடுப்பில் வைத்த பால் பொங்கிவிடுமே என்பதுதான் அப்போது அவளுக்கு இருந்த ஒரே நினைப்பு.

அதற்குப் பிறகும் எல்லாம் நடந்துகொண்டுதான் இருந்தது. சாப்பிட்டாள், உப்புக் கூடவா குறைவா என்று தெரியவில்லை. கோவையில் படிக்கும் மகள் இனியாவோடு தினமும் போனில் பேசினாள். பேசி முடித்ததும் என்ன பேசினோம் என்று நினைவில்லை. பொட்டு வைக்காதே என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. கண்ணாடி முன்னால் நிற்பதையே விட்டுவிட்டதால் அதுவும் தானாக நின்றுபோயிற்று. பட்டறையை மட்டும் தினமும் காலை ஒன்பது மணிக்குத் திறந்தாள். சுற்றிலும் தறிகள் ஓடும் தெருவில் சும்மா உட்கார்ந்திருப்பதும் கஷ்டம்தானே.

அந்தப் பட்டறை வீட்டின் முன்னறை. ஒரு காலத்தில் விசைத்தறிகளுக்கு ஸ்டெபிலைசர் செய்து கொடுத்த இடம். எட்டு வருடத்துக்கு முன்னால் பிரவீனா என்கிற இயற்பியல் பேராசிரியை, சேலத்துக்கு வெளியே ஒரு கல்லூரியில் ஆய்வகம் வைத்திருப்பவள், கருகிப்போன ஒரு வெளிநாட்டுப் பவர் சப்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஸ்டெபிலைசர்காரர் கெட்டிக்காரர் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மதியழகன் அதைப் பிரித்துப் போட்டு மூன்று வாரம் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "இதைச் சரி பண்றதுக்குப் புதுசே ஒண்ணு செஞ்சரலாமுங்க" என்றார். அன்றோடு தறிக்காரர்கள் வேறு கடை பார்க்க வேண்டியதாயிற்று.

பிரவீனாவின் வேலை விசித்திரமானது. காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்ட ஒரு கண்ணாடிக் குப்பிக்குள் கொஞ்சம் ருபீடியம் அணுக்களை விட்டு, லேசர் ஒளியால் அவற்றை அடக்கி நிறுத்தி, எந்த அலைக்கு அவை அசைகின்றன என்று அளப்பாள். குப்பியைச் சுற்றிச் செம்புக் கம்பிச் சுருள்கள் இருக்கும். சுருளில் ஓடுகிற கரண்ட்தான் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. கரண்ட் ஆடினால் புலம் ஆடும். புலம் ஆடினால் அணுக்கள் சொல்லும் பதில் மாறிவிடும். மூன்று ஆம்பியர் வேண்டும், அது பத்து லட்சத்தில் இரண்டு பங்குக்கு மேல் நகரக் கூடாது. வோல்டேஜ் இருநூற்றுக்கும் இருநூற்று ஐம்பதுக்கும் நடுவில் ஊஞ்சலாடும் ஊரில் உட்கார்ந்துகொண்டு அதைச் செய்கிறேன் என்று கிளம்பினார் மனுசன். செய்தும் காட்டினார். ஒவ்வொரு பெட்டியும் முந்தையதைவிட அமைதியாக இருந்தது.

டிப்ளமோ படித்தவள் செல்வி. பெட்டியின் பாதி சால்டரிங் அவள் கை வேலை. ஆனால் ஒரு மூலை மட்டும் அவருடையது. அங்கே ஐந்து வோல்ட் கொடுக்கும் ஒரு சின்ன ரெஃபரன்ஸ் சில்லு இருக்கும். மற்ற சுற்றெல்லாம் அதைப் பார்த்துத்தான் கரண்டைப் பிடித்து நிறுத்தும். அதிலும் மெல்லிய இரைச்சல் உண்டு. அதை வடிகட்டப் பெரிய ரெசிஸ்டர் ஒன்றும் கெபாசிட்டர் ஒன்றும் வைத்து, மேலே ஒரு தகர மூடி போடுவார். அதைப் பெட்டியின் உசுரு என்பார். அங்கே விரல் பட்டு ஒரு துளி வியர்வை ஒட்டினாலும் அதன் வழியே கரண்ட் கசியும் என்று 'கை படாதே' என எழுதி ஒட்டியிருந்தார். செல்வி பக்கத்தில் வந்தாலே, "ஏம்புள்ள, அக்கட்டால நில்லு" என்று கத்துவார்.

இப்போது தகராறு ஏழாம் பெட்டியில். அவர் கடைசியாகச் செய்தது அதுதான்.

செவ்வாய்க்கிழமை காலையில் பிரவீனா கூப்பிட்டாள். செல்வி இரண்டு பஸ் மாறி ஆய்வகத்துக்குப் போனாள். பிரவீனா திரையில் ஒரு வரைபடத்தைக் காட்டினாள். நேராகப் போக வேண்டிய கோடு ஒவ்வொரு நாள் காலையிலும் கீழே சரிந்து, மதியத்துக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தது.

"இந்தப் பொட்டியச் சும்மா ஓட்டி வெச்சிருந்துட்டு மாசியிலதான் சுருள்ல மாட்டுனோம். கோடையில தங்கமாட்டம் இருந்துச்சுங்கக்கா. ஆடி பொறந்ததுல இருந்துதான் இந்தக் கூத்து. காலையில பத்து லட்சத்துல அறுபது பங்கு எறங்குது. நாங்களும் ரெண்டு மாசமா எல்லாத்தையும் கழட்டிப் பாத்துட்டோம்."

"சுருள் சூடாகறதுனாலயா இருக்குமுங்களா?"

"தண்ணி ஓட்டித்தான் வெச்சிருக்கறோம். அது இல்லீங்க."

பிரவீனா நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். சொல்லக் கஷ்டப்படுவது முகத்தில் தெரிந்தது. இந்தப் பெட்டியின் வடிவமைப்பைப் பற்றி ஓர் ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பியிருந்தாள். எழுதியவர்கள் பட்டியலில் முதல் பேர் மதியழகனுடையது. மூன்று நாள் விடாமல் ஓட்டிய வரைபடம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமைதான் கடைசி நாள்.

"இந்தக் கோட்டை அனுப்ப முடியாதுங்கக்கா. அனுப்பலைன்னா கட்டுரையத் திருப்பி வாங்கிக்கோணும். பொட்டியவும் கழட்டிட்டு வெளிநாட்டுப் பொட்டிய மாட்டச் சொல்றாங்க."

"சரிங்க" என்றாள் செல்வி. பதினோரு மாதமாக அவளுக்கு எல்லாமே சரிங்கதான்.

ஆனாலும் அந்தப் பேர் அச்சில் வந்துவிட வேண்டும் என்று மட்டும் உள்ளே எங்கோ இருந்தது. அதை ஆசை என்று சொல்ல முடியாது. செருப்பைக் கழற்றும்போது ஜோடியாக வைக்கிறோமே, அந்த மாதிரி. கட்டுரையைப் பற்றிப் பிரவீனா முதலில் சொன்ன அன்று மதியழகன் தன் பேரை ஆங்கிலத்தில் எப்படி எழுதினால் நன்றாயிருக்கும் என்று பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் முழுக்க எழுதிப் பார்த்தார். அந்தத் தாள் இன்னும் பட்டறை ஆணியில்தான் தொங்குகிறது.

"கடைசி டெஸ்டுக்குப் பொறவு அண்ணன் எதாவது மாத்துனாருங்களா?"

"இல்லீங்க. ஆயுத பூசையன்னிக்கு டெஸ்ட் முடிஞ்சுது. அடுத்த நாளே பஸ்ஸுல மடியில வெச்சுக் கொண்டாந்துட்டாரு. ஒண்ணும் மாத்தலீங்க."

உறுதியாகத்தான் சொன்னாள். பொய்யில்லை. அந்தப் பத்து நாட்களில் ஒன்றுகூட அவளிடம் மிச்சம் இல்லை. பூசை முடிந்த ஒன்பதாம் நாள் காலையில், பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே குழாயடியில் சரிந்தார். அந்தக் காலை, அதற்கு முன்னால் இருந்த நாட்களையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்விட்டது.

செவ்வாயும் புதனும் வீணாயின. வயர்களை மாற்றினாள், எர்த்தைப் பிரித்துக் கட்டினாள், சால்டர்களை ஒவ்வொன்றாக லென்ஸ் வைத்துப் பார்த்தாள். காலையில் கோடு சரிந்தது. மதியம் ஏறியது. அவளுக்குப் பதற்றம்கூட வரவில்லை. பிரவீனாதான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பதறிக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை நல்ல மழை. செல்வி ஆய்வகக் கதவைத் திறந்தபோது உள்ளே ஈர வாடை அடித்தது. சுவர் வேர்த்திருந்தது. இரவில் ஏசி ஓடக் கூடாது என்பது கல்லூரிச் சட்டமாம்; சாயங்காலம் அணைத்தால் மறுநாள் காலையில்தான் போடுவார்கள். மதியத்துக்குள் அறை காய்ந்துவிடும். செல்வி கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோடையில் ஏன் ஒன்றும் தெரியவில்லை என்று இப்போது புரிந்தது. பெட்டிக்குச் சூடு ஒத்துக்கொள்ளாமல் போகவில்லை, ஈரம்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

குடையை எடுத்துக்கொண்டு கல்லூரி வாசலுக்குப் போனாள். மழையில் யாரும் வராமல் இளநீர்க்காரர் தார்ப்பாய்க்கு அடியில் குந்தியிருந்தார்.

"ஒரு ஸ்ட்ரா குடுங்கண்ணா."

"இளநி?"

"ஸ்ட்ரா மட்டும் போதுமுங்க."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இரண்டு ஸ்ட்ராவாகக் கொடுத்தார்.

பெட்டியின் மேல்தகட்டைக் கழற்றி வைத்தாள். மீட்டரைப் பிரவீனா பார்த்துக்கொண்டாள். மதியழகனின் பழைய வித்தை இது. ஈரத்துக்குப் பயப்படும் இடம் எது என்று கண்டுபிடிக்க வாயில் ஸ்ட்ராவை வைத்துச் சின்னதாக மூச்சு விட வேண்டும். மூச்சில் ஈரம் இருக்கிறது. பட்ட இடத்தில் குற்றம் இருந்தால் மீட்டர் காட்டிக்கொடுத்துவிடும்.

கரண்டை அளக்கும் ரெசிஸ்டர் மேல் ஊதினாள். "அசையலீங்க" என்றாள் பிரவீனா. ஆம்ப்ளிஃபையர் மேல் ஊதினாள். அங்கேயும் ஒன்றும் இல்லை. இனி மிச்சம் இருப்பது அந்த மூலைதான். தகர மூடியின் இடுக்கில் ஸ்ட்ராவை வைத்து மெல்ல மூச்சை விட்டாள்.

"அக்கா! எறங்குதுங்க!"

நிறுத்தினாள். கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. மறுபடி ஊதினாள், இறங்கியது. மூன்றாவது தடவையும் அப்படியே. செல்வி சால்டரிங் அயர்னைச் சூடேற்றி மூடியின் நாலு மூலையையும் விடுவித்தாள். இடுக்கியால் தூக்கி ஓரமாக வைத்தாள்.

உள்ளே ஒரு பொட்டு இருந்தது.

பச்சைப் போர்டின் மேல், பெரிய ரெசிஸ்டரின் காலுக்கும் பக்கத்தில் போகும் சப்ளைக் கோட்டுக்கும் நடுவே காய்ந்த சந்தனம். அதன் மேல் குங்குமம். சந்தனம் ஓரத்தில் வெடித்திருந்தது. குங்குமத்தில் விரல் ரேகை சுழி சுழியாக, நேற்று வைத்ததைப் போல இருந்தது.

பிரவீனா எட்டிப் பார்த்தாள். "என்னங்கக்கா இது?"

செல்விக்கு மடை திறந்த மாதிரி அந்த நாள் முழுக்கத் திரும்ப வந்தது.

ஆயுத பூசையன்று இளம்பிள்ளையில் தறிகள் ஓடாது. வருடத்தில் அந்த ஒரு நாள்தான் தெருவில் சத்தமே இருக்காது. கரண்ட் லைனிலும் தறிகளின் தொல்லை இருக்காது. ஊரே தறிக்குப் பொட்டு வைத்துப் பொரிகடலை பிரித்துக்கொண்டிருக்கும்போது மதியழகன் மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு இரைச்சலை அளப்பார். எந்தப் பெட்டிக்கும் கடைசி டெஸ்ட் அன்றைக்குத்தான். அந்த வருடம் ஏழாம் பெட்டி காட்டிய எண்ணைப் பார்த்துவிட்டு அவர் குழந்தை மாதிரிக் கைதட்டினார். அவ்வளவு அமைதியான பெட்டியை அதுவரை அவர் செய்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்து பார்த்துவிட்டுப் போனார்.

செல்வி சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். மீட்டருக்கு, டிரில்லிங் மெஷினுக்கு, சால்டரிங் அயர்னுக்கு எல்லாம் வைத்தாயிற்று. அவர் கிண்ணத்தை வாங்கிப் பெட்டியின் முன்தகட்டில் ஒரு பொட்டு வைத்தார்.

"மூஞ்சிக்கு வெச்சாப் போதுமா? உசுரு உள்ளதான இருக்குது. அங்க வைங்க."

"அங்கயா? வெளையாடறயா புள்ள. அங்கெல்லாம் வெக்கக் கூடாது."

"டெஸ்ட்தான் முடிஞ்சிருச்சில்லங்க. இனி என்ன? வருசம் முழுக்க என்னய அக்கட்டால நில்லு, அக்கட்டால நில்லுங்கறீங்க. சாமியவும் அக்கட்டால நிக்கச் சொல்லுவீங்களா?"

அவர் சிரித்துவிட்டார். சந்தோசத்தில் இருந்த மனுசன். அந்த நேரத்தில் அவள் எதைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார். கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, எங்கே வைத்தால் தொந்தரவில்லை என்று வெகுநேரம் தேடினார். "இந்த எடத்துல ஒண்ணும் இல்ல, இங்க வெக்கறேன்" என்று மோதிர விரலால் முதலில் சந்தனம் தொட்டு வைத்தார், அப்புறம் குங்குமம். "இப்பத் திருப்தியா?" என்றார். மூடியைப் போட்டு நாலு மூலையிலும் ஈயம் வைத்தார். அன்றைக்கு அவர் எடுத்த இரைச்சல் வரைபடம், ஒரு படிப் பொரி, தறிச் சத்தம் இல்லாத தெரு, அவருடைய சிரிப்பு. எல்லாம் இத்தனை நாளாக எங்கே போயிருந்தன என்று தெரியவில்லை.

"அவரு வெச்சதுங்க" என்றாள் செல்வி. "நாந்தான் வெக்கச் சொன்னேன். அவரு மாட்டேன்னுதான் சொன்னாரு. நாங் கேக்கல."

பிரவீனா லென்ஸை வாங்கிப் பொட்டை உற்றுப் பார்த்தாள். காய்ந்து கிடக்கும்வரை பொட்டினால் ஒன்றும் இல்லை. ஈரக் காற்று வந்ததும் அது நனைந்து, அதன் வழியாகத் துளியிலும் துளியாகக் கரண்ட் கசிந்திருக்கிறது. அந்தத் துளியைத்தான் அணுக்கள் இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தன.

"அக்கா" என்றாள் பிரவீனா மெதுவாக. "நீங்க வேற போர்டு ஒண்ணு கொண்டாந்தீங்கல்ல. அதை மாட்டிரலாமுங்க. இதை ஊட்டுக்கு எடுத்துட்டுப் போயி வெச்சுக்கங்க."

அவசரத்துக்கு இருக்கட்டும் என்று பட்டறையிலிருந்து கொண்டுவந்த உபரி போர்டு பையில் டிபன் பாக்ஸுக்குள் இருந்தது. செல்வி அதை எடுக்கவில்லை.

"அது புதுசுங்க. ரெஃபரன்ஸ் நெலைக்கு வர ஆறு மாசமாச்சும் ஓடோணும். இது ஒரு வருசம் ஓடிப் பழகுனது. திங்கக்கெழமைக்கு இதுதான் ஆகும்."

அவள் விரலைப் பொட்டுக்குப் பக்கம் கொண்டுபோனாள். ஒரு நூல் இடைவெளியில் நிறுத்தினாள். தொடவில்லை. அங்கே கை படக் கூடாது.

கையுறை போட்டுக்கொண்டு, போர்டு கழுவும் ஸ்பிரிட்டையும் பஞ்சுக் குச்சிகளையும் எடுத்தாள். முதல் குச்சியில் ரேகை போயிற்று. சத்தமில்லாமல், ஒரே இழுப்பில். இரண்டாவது குச்சியும் சிவப்பாக வந்தது. மூன்றாவது மஞ்சள். கூந்தல் உலர்த்தும் மெஷினைப் பிரவீனா தேடிக்கொண்டிருந்தாள். நான்காவது குச்சியை நனைக்கும்போது செல்விக்குப் போர்டு கலங்கலாகத் தெரிந்தது. லென்ஸில் ஏதோ பட்டிருக்கிறது என்று நினைத்துத் துடைத்தாள். லென்ஸில் ஒன்றும் இல்லை.

அவள் சட்டென்று எழுந்து மேசையைவிட்டு நாலடி பின்னால் போனாள். உப்புத் தண்ணீர் போர்டில் விழுந்தால் மறுபடியும் முதலிலிருந்து கழுவ வேண்டும். "அக்கட்டால நில்லு, அக்கட்டால நில்லு" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்று அழுதாள். வலித்தது. பதினோரு மாதத்துக்குப் பிறகு ஏதோ ஒன்று வலித்தது. பிரவீனா வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மிச்சத்தையும் துடைத்தாள். ஏழாவது குச்சி வெள்ளையாகவே வந்தது. சூடான காற்றில் காயவைத்து, ஸ்ட்ராவால் ஊதிப் பார்த்தாள். மீட்டர் அசையவில்லை. மூடியை வைத்து நாலு மூலையிலும் ஈயம் வைத்தாள். மணி மூன்றுக்கு வரைபடம் ஓட ஆரம்பித்தது.

வெள்ளி காலையிலும் சனி காலையிலும் மழை விடவில்லை. கோடு சரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மூன்று நாள் முடிந்தபோது, திரையில் அது நேராகக் கிடந்தது. அளந்து பார்த்ததில் ஒன்றரைப் பங்கு. செல்விக்குச் சந்தோசம் என்று ஒன்றும் பெரிதாக வரவில்லை. பசித்தது. பிரவீனா வாங்கி வைத்திருந்த தக்காளிச் சாதத்தைச் சாப்பிட்டாள். உப்புக் கொஞ்சம் தூக்கல்.

பிரவீனா கட்டுரையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கோடையில் சரியாக இருந்த பெட்டி மழைக்காலத்தில் ஏன் சரிந்தது, எப்படிச் சரிசெய்தோம் என்று இரண்டு வரி சேர்க்க வேண்டியிருந்தது. தட்டச்சு செய்துவிட்டுத் தமிழில் படித்துக் காட்டினாள்.

"ரெஃபரன்ஸ் பகுதியில படிஞ்சிருந்த மாசுனால ஈரமான நாள்ல கசிவு ஏற்பட்டது. அதைத் துடைச்சதுக்குப் பொறவு சரியாயிருச்சு. இப்படிப் போட்டாப் போதுமுங்கக்கா. அண்ணனுக்கு ஒரு கொறையும் வராது."

செல்வி சாப்பிட்ட இலையை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள்.

"மாசுன்னு போடாதீங்க மேடம்."

"பொறவு என்னன்னுங்க போடறது?"

"குங்குமம்னே போடுங்க."

பிரவீனா தயங்கினாள். "இதைப் படிக்கறவங்க எல்லாம் வெளிநாட்டுக்காரங்க. குங்குமம்னா அவங்களுக்குத் தெரியாதுங்களே."

"கேட்டுத் தெரிஞ்சுக்கட்டுமுங்க" என்றாள் செல்வி.

பிரவீனா எழுதியதை அழித்துவிட்டு அந்த ஒரு சொல்லை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். சரியாக இருக்கிறதா என்று செல்வி பக்கத்தில் வந்து, திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தாள். மேலே முதல் வரியில் அவர் பேர் இருந்தது, காலண்டர் தாளில் கடைசியாக எழுதிப் பார்த்த அதே மாதிரி.